காலைப் படங்கள் மட்டும் ஏன் கலங்குகின்றன?

கரைப்பாதை | செவ்வாய், இரவு 8.40

கமரா தெரிந்தவர்களும் ரயில் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 டிசம்பர் 31ஆம் திகதி அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறியவன் நான். ஓய்வு வயதைத் திரும்ப 60 ஆக்கியதால் அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனோம். ரயில்வேயிலும் அதே கதைதான். அடுத்த சில நாட்களில் ஆள் இல்லாமல் எத்தனையோ ரயில்கள் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். முப்பத்தைந்து வருடம் வெள்ளவத்தையில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கியவன். ஜனவரியில் முதல் வேலை நாளன்று காலை ரயில் சத்தம் கேட்டதும் கால் தானாகவே வாசல்வரை போய்விட்டது. மனைவி ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியை நீட்டினா.

சரி, ஏற வேண்டாம், பார்க்கவாவது போவோம் என்றுதான் தொடங்கினேன். முதலில் கைபேசியில் எடுத்தேன். பிறகு மகன் விட்டுப்போன பழைய கமரா, அதனுடன் 55-250 லென்ஸ். இப்போது என் நாள் முழுக்க ரயிலைச் சுற்றித்தான். காலை 6 மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் வெள்ளவத்தை ஸ்டேஷன், அங்கிருந்து மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி வரை நடை, ஆபீஸ் ரயில்கள் முடிந்து 9 மணிக்கு வீடு. பின்னேரம் 5 மணிக்கு மறுபடி ஒரு மணித்தியாலம். இதனால் வயிறும் ஒழுங்குக்கு வந்தது. சீனி வருத்தம் பத்து வருடமாக உண்டு. பாணையும் பின்னேர ரோல்ஸையும் விட்டு, இரவுச் சோற்றையும் விட்டு, எட்டு மாதத்தில் 7 கிலோ குறைந்திருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். மூன்று வாரமாகக் காலையில் எடுக்கும் படங்கள் கலங்கி வருகின்றன. எல்லாமும் இல்லை, 7 மணிக்குப் பிறகு எடுப்பவைதான். பின்னேரப் படங்கள் கத்தி போல இருக்கின்றன. அதே கமரா, அதே லென்ஸ். லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டதோ? கடல் காற்றில் திரிவதால் அந்தப் பயம்.


மருதானை தம்பி | செவ்வாய், இரவு 9.15

அங்கிள், பூஞ்சணம் என்றால் காலை, பின்னேரம் பார்க்காது. எல்லாப் படமும் மங்கும். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமிருந்து கைபேசி வெளிச்சம் அடித்துப் பாருங்கள், சிலந்திவலை போல நூல் தெரியாவிட்டால் பயமில்லை. ஆனாலும் வீட்டில் அலுமாரிக்குள் துணி சுற்றி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். கொழும்பு ஈரத்துக்கு அதுதான் மருந்து. உப்புக் காற்றில் நின்றுவிட்டு வந்தால் முதலில் ஊதித் தூசை எடுங்கள், அப்புறம்தான் துடைப்பு. உப்போடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

எனக்கு வெளிச்சத்தில்தான் சந்தேகம். நம்முடைய கரைப்பாதையில் சூரியன் ஊர்ப் பக்கமிருந்து எழும்புகிறது. 7 மணிக்கு மரைன் டிரைவ் மாடிக் கட்டடங்களின் நிழல் தண்டவாளத்தின் மேல் கிடக்கும். வானம் வெளிச்சமாகத் தெரிந்தாலும் ரயில் நிழலுக்குள் ஓடும். ஆட்டோவில் விட்டால் கமரா ஷட்டர் வேகத்தை 1/60 செக்கனுக்கு இறக்கிவிடும், ஓடுகிற ரயில் கலங்கும். படத்தின் விவரத்தைத் திறந்து என்ன ஷட்டர் என்று சொல்லுங்கள்.


கரைப்பாதை | புதன், காலை 10.05

லென்ஸ் சுத்தம், நூல் ஒன்றுமில்லை. ஷட்டர் நானே 1/100இல் வைப்பது, ரயிலோடு சேர்த்துக் கமராவைத் திருப்புவதற்காக. பின்னேரமும் அதே 1/100தான். இரண்டு மாதத்துக்கு முன் இதே காலை நேரம், இதே இடம், இதே 1/100இல் எடுத்தவை நன்றாகவே வந்திருக்கின்றன. கலங்கிய படங்களில் ரயில் மட்டுமல்ல, பின்னால் கடலும் மேல் கீழாக இழுபட்டிருக்கிறது.


தெமட்டகொட ஷெட் | புதன், காலை 11.30

கடலே மேல் கீழாக இழுபட்டால் கைதான் ஆடுகிறது. அது கிடக்கட்டும். நான் கேட்க வேண்டியது வேறு. எங்கே நின்று எடுக்கிறீர்கள்?


கரைப்பாதை | புதன், பகல் 12.10

மேடை முடிவிலும், சில நாட்களில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடல் பக்கக் கல்லிலும். பின்னேரம் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் ஊர்ப் பக்கம் நின்றால் ரயில் கறுத்துப் போகிறது. முதுகில் வெயில் விழ வேண்டுமானால் கல்லில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.


தெமட்டகொட ஷெட் | புதன், பகல் 1.45

ஐயா, நான் ரயில் எஞ்சின் ஷெட்டில் 31 வருடம் வேலை செய்தவன். கையெடுத்துக் கேட்கிறேன், அந்தக் கல்லுக்குப் போகாதீர்கள்.

கரைப்பாதையில் அலைச் சத்தம் ரயில் சத்தத்தை விழுங்கிவிடும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் ஹோர்ன் அடித்தாலே பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். இப்போது ஓடும் பவர் செட்டுகள், அதாவது தனி எஞ்சின் இல்லாத ரயில்கள், பழைய எஞ்சின் போல தூரத்திலிருந்து அதிர்ந்துகொண்டு வருவதுமில்லை. முக்கியமானது, அது இரட்டைப் பாதை. நீங்கள் கண்ணைக் கமராவில் வைத்துக் கோட்டைப் பக்கம் போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பின்னால் பாணந்துறைப் பக்கம் போவது வரும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற ரயில் சட்டென்று பிரேக் போட்டாலும் நிற்க சில நூறு மீற்றர் வேண்டும். டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி வராத டிரைவர்களை எனக்குத் தெரியும். தண்டவாளத்தில் நடப்பதே குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கறுத்துப் போகிறது என்றால் கறுப்பாகவே எடுங்கள். மிதிபலகையில் தொங்குகிறவர்களின் நிழலுருவம் சூரியனுக்கு முன்னால் வந்தால் அதை விட அழகு என்ன? வெயில் விழுந்த ரயில் வேண்டுமென்றால் காலை 7.30இலிருந்து 9க்குள், ஊர்ப் பக்கம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கிடைக்கும். இன்னும் வேண்டுமென்றால் கொம்பனித்தெருவில் பேர வாவிப் பக்கம் போங்கள். கோட்டையில் நடைபாலத்து மேலிருந்து பாருங்கள். மேடையில் நிற்பதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மரியாதையாகக் கேட்டால் மறுப்பது குறைவு.


கரைப்பாதை | புதன், பகல் 2.20

கோபிக்கவில்லை அண்ணை. வாசித்ததும் மனைவியிடம் காட்டினேன். இனிக் கல்லுக்குப் போகவில்லை. வாக்கு.


நாலாம் மாடி | புதன், பின்னேரம் 5.50

நான் கமரா தெரியாதவள். இளைப்பாறிய ஆசிரியை, வெள்ளவத்தை ஸ்டேஷனைப் பார்த்தபடி இருக்கிற மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். ரயில் போகும்போது என் யன்னல் கண்ணாடி நடுங்கும், அதை வைத்தே எனக்கு நேரம் தெரியும். அண்ணை எழுதியதில் எனக்குப் பட்டது ஒன்று: 7 கிலோ குறைந்தது எப்படி? என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு? மாணவர்களுக்குக் கை நடுங்கினால் நான் முதலில் கேட்கிற கேள்வி, காலையில் சாப்பிட்டாயா என்பதுதான்.


கரைப்பாதை | புதன், இரவு 8.00

டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன். இரவு 7 மணிக்குக் குரக்கன் ரொட்டி ஒன்று, மரக்கறி சூப். காலை 5.30க்குச் சீனி போடாத பிளேன்டீ, சீனிக் குளிசை, பிறஷர் குளிசை. பிறகு நடை. 9 மணிக்கு வந்து குளித்துவிட்டு 9.30க்கு இடியப்பம் நாலு, சொதி, சம்பல். பகல் சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, பருப்பு, கீரை, மீன். பின்னேரம் ஒரு கைப்பிடி அவித்த கடலை. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் கொழுப்புக் கரையும் என்று எங்கோ வாசித்தேன், மூன்று வாரமாக அப்படி. முன்பு 6 மணிக்கு இரண்டு துண்டு பாணாவது சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.


இளைப்பாறிய தாதி | புதன், இரவு 8.25

மூன்று வாரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு இடத்தில். படம் கலங்கத் தொடங்கியதும் மூன்று வாரம், காலைச் சாப்பாட்டைத் தள்ளியதும் மூன்று வாரம்.

அந்தச் சீனிக் குளிசையின் பெயரைப் பெட்டியில் பார்த்துச் சொல்லுங்கள். இன்றே. 7 மணிக்கு மேல் வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, பசியோடு சேர்ந்த எரிச்சல் வருகிறதா என்றும் சொல்லுங்கள்.


கரைப்பாதை | புதன், இரவு 8.50

மெற்போர்மின், கிளிக்லசைட். கிளிக்லசைட் காலைச் சாப்பாட்டுக்கு முன் என்று கிளினிக் கொப்பியில் இருக்கிறது. வியர்வை வரும். நடந்த வியர்வை என்றுதான் நினைத்தேன். கை லேசாக நடுங்கும், அது வயதாக்கும் என்று விட்டேன்.


இளைப்பாறிய தாதி | புதன், இரவு 9.10

அது வயதல்ல. கிளிக்லசைட் உடம்பிலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. சாப்பாடு வருகிறது என்று நம்பி அது வேலை செய்யும். நீங்கள் சாப்பாட்டைக் கொடுக்காமல் மூன்று மணித்தியாலம் நடக்கிறீர்கள். போதாததற்கு 7 கிலோ குறைந்திருக்கிறீர்கள், இரவுச் சாப்பாடும் சிறிது. எட்டு மாதத்துக்கு முந்திய உடம்புக்கு எழுதிய அளவு இப்போதைய உடம்புக்குக் கூடிப் போயிருக்கலாம். சீனி கூடுவதற்குப் பயந்து பயந்து, குறைவதும் ஆபத்து என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். என் 33 வருட வேலையில் சீனி இறங்கி மயங்கி விழுந்து வந்தவர்களில் பாதிப் பேர் மிகவும் ஒழுங்கானவர்கள். குளிசையை நேரத்துக்குப் போட்டு, சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று தெமட்டகொட அண்ணை சொல்ல வேண்டியதில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது: சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். குளுக்கோமீற்றரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து சீனியைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் சீனி 3, 4 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். சொக்லட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளிசையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், கூட்டிக் குறைக்கவும் வேண்டாம். கிளினிக் நாள் வரை காத்திராமல் இந்த வாரமே வைத்தியரிடம் போய் எடை குறைந்ததைச் சொல்லுங்கள்.


கரைப்பாதை | வியாழன், காலை 10.40

இரவு உங்கள் பதிலைப் பார்க்காமல் தூங்கிவிட்டேன். இன்றும் வெறும் வயிற்றோடுதான் போனேன். 7.20க்கு மேடையில் நிற்கும்போது கமரா கனக்கத் தொடங்கியது, விரல் ஷட்டரில் நிற்கவில்லை. அப்போதுதான் கைபேசியைத் திறந்து வாசித்தேன். கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்கு அழைத்தேன், மீற்றரையும் சீனித் தண்ணீரையும் கொண்டு ஓட்டோவில் வந்தா. 58.

மேடையில் ஒரு பிள்ளை தன் ரயிலை விட்டுவிட்டு, மனைவி வரும்வரை என் பக்கத்திலேயே நின்றது. பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இதை வாசித்தால், நன்றி மகள்.


தெமட்டகொட ஷெட் | வியாழன், காலை 10.55

கடவுளே. இப்போது வீட்டில்தானே?


கரைப்பாதை | வியாழன், காலை 11.00

வீட்டில்தான். பின்னேரம் வைத்தியரிடம்.


கொட்டாஞ்சேனை | வெள்ளி, காலை 7.15

ஐயா நலமாக இருப்பது ஆறுதல். நான் மலையகத்தில் பிறந்து 40 வருடமாகக் கொழும்பில் இருப்பவன், எனக்கும் சீனிதான். சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லலாமா? குரக்கன் என்றதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நானும் மூன்று ரொட்டி சாப்பிட்டேன், குரக்கன்தானே என்று. இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பார்த்தால் சோற்றுக்கு ஏறுகிற அளவுக்கே ஏறியிருந்தது. மாவாக அரைத்த எதுவும் வேகமாகத்தான் சமிக்கும். பெயரைப் பார்த்துச் சாப்பிடாமல் அளவைப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பது என் அனுபவம்.

ரயிலில் வருகிற வடை, கச்சான் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு அதை விட முடியவில்லை.


இளைப்பாறிய தாதி | வெள்ளி, காலை 9.00

முழுக்கச் சரி. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ ரொட்டியோ, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை. வயது போனவர்கள் அந்தக் கடைசிக் கால் பங்கை விட்டால் தசை கரைந்துவிடும், எடை குறைந்தது என்று சந்தோஷப்படுவதில் ஒரு பங்கு அதுவாக இருக்கும். கச்சான் ஒரு சுருள் நல்லது, உப்புப் போடாததாகப் பாருங்கள். வடை எப்போதாவது. போத்தல் பானம் வாங்கினால் லேபிளில் இருக்கும் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016இலிருந்து போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு.


கரைப்பாதை | வெள்ளி, இரவு 7.30

வைத்தியர் கிளிக்லசைட்டைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே போடச் சொன்னார். இரண்டு வாரத்துக்குக் காலையிலும் இரவிலும் குத்தி எழுதி வர வேண்டும். நடை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனிக் கேள்வி: அதிகாலை 5.30க்கு வயிற்றில் பாரம் இல்லாமல், ஆனால் 9 மணி வரை தாங்குகிற மாதிரி என்ன சாப்பிடலாம்?


நாலாம் மாடி | வெள்ளி, இரவு 8.15

இலைக்கஞ்சி. கடையில் வாங்குவதல்ல, வீட்டில் காய்ச்சுவது. நான் ஒருத்திக்குக் காய்ச்சுகிற அளவைச் சொல்கிறேன், உங்கள் இருவருக்கும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

சிவப்புப் பச்சையரிசி ஒரு சிறங்கை, இரவே கழுவி ஊற வைத்துவிடுவேன். காலையில் இரண்டு பல்லு உள்ளி, சின்னத் துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, தண்ணீர் நிறைய விட்டு அரிசி நன்றாக மலரும் வரை அவிய விடுவேன். அது அவிகிற நேரத்தில் வல்லாரை ஒரு கட்டை மண் போக மூன்று தண்ணீரில் அலசி, தண்டோடு அரிந்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப் பூவோடு அரைத்துப் பிழிந்து வைத்துக்கொள்வேன். அந்தப் பச்சைச் சாற்றைக் கடைசியில்தான் விட வேண்டும். விட்டதும் ஓரத்தில் நுரை கட்டி ஏறும். அந்த நேரத்தில் அடுப்பை நிற்பாட்டிவிட வேண்டும். ஒரு கொதி கூடினாலும் நிறம் பாசியாகிவிடும், கசப்பும் ஏறும். உப்பு கொஞ்சம், இறக்கிய பிறகு தேசிக்காய் நாலு துளி. எல்லோரும் கருப்பட்டி கடிப்பார்கள், நமக்கு வேண்டாம். வல்லாரை கிடைக்காத நாளில் முருங்கையிலை. கூடவே அவித்த முட்டை ஒன்று, அல்லது அவித்த பயறு.

தனியாக இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று கணவர் போன பிறகு இரண்டு வருடம் பாணும் பருப்புமாகவே இருந்தேன். இந்தக் கஞ்சிதான் என்னை மறுபடி அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தது. 5.10க்கு முதல் ரயிலில் யன்னல் நடுங்கும், எழும்பி அரிசியைப் போடுவேன்.


தெமட்டகொட ஷெட் | சனி, காலை 6.40

டீச்சர், அந்த யன்னலை அப்படி நடுங்க வைப்பது எம்2 ஆகவும் இருக்கலாம். கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எஞ்சின், முதலாவது 1954இல் வந்தது. இரண்டு ஸ்ட்ரோக், 12 சிலிண்டர், அந்தத் துடிப்பு வேறு எதிலும் வராது. கனடா மாகாணங்களின் பெயரை அவற்றில் பலவற்றுக்கு வைத்தார்கள். 2004 சுனாமியில் பெரலியவில் அகப்பட்ட ரயிலை இழுத்தது மனிடோபா. அதைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்குக் கை ஓடாது.

எனக்கும் சீனி எல்லையில் இருக்கிறது, இந்த இழையை வாசித்துவிட்டுத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தேன். இன்று எங்கள் வீட்டிலும் இலைக்கஞ்சி.


மருதானை தம்பி | சனி, காலை 9.20

போயா விடுமுறை நாளில் எல்லோரும் வெள்ளவத்தை மேடையில் சந்திப்போமா? ரயில் குறைவுதான், ஆனால் நெரிசலும் இல்லை. அங்கிளுக்கு 1/100 எப்படித் திருப்புவது என்று நான் காட்ட வேண்டியதில்லை, அவர் எனக்குக் காட்டட்டும். இடுப்பிலிருந்து திரும்புவதா, தோளிலிருந்தா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.


கரைப்பாதை | சனி, காலை 9.45

இடுப்பிலிருந்து தம்பி. கால் இரண்டையும் ரயில் உங்களுக்கு நேரே வரப்போகிற இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, உடம்பை மட்டும் வருகிற பக்கம் முறுக்கிக்கொள்ளுங்கள். ரயிலோடு சேர்ந்து முறுக்குத் தளர வேண்டும். விரலை அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தக்கூடாது. வாருங்கள், நான் கஞ்சி குடித்துவிட்டு வருவேன்.


கரைப்பாதை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.10

16 நாள் எழுதினேன். காலைச் சீனி 104க்கும் 131க்கும் இடையில், 70க்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லை. வைத்தியர் கொப்பியில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

போயாவன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். காலை 7.40, 1/100, மேடையின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தது. எம்2 தான், தெமட்டகொட அண்ணை சத்தத்தை வைத்தே இரண்டு நிமிடத்துக்கு முன் சொல்லிவிட்டார். பின்னால் கடல் நேர்கோடாக ஓடுகிறது. எஞ்சின் பக்கத்தில் எழுதியிருக்கிற பெயரை எழுத்து எழுத்தாக வாசிக்கலாம். மூன்றாவது பெட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிற பையனின் ஒரு செருப்பு வார் அறுந்து ஊசி குத்தியிருக்கிறது, அதுவும் தெரிகிறது.


நாலாம் மாடி | ஞாயிறு, பகல் 12.30

நானும் ஒன்று இணைக்கிறேன். தம்பி கைபேசியில் சொல்லிக் கொடுத்தது, என் பல்கனியிலிருந்து நான் எடுத்த முதல் ரயில் படம். கடல் பாதி, ரயில் பாதி. மேடைக் கடைசி வாங்கில் கமராவை மடியில் வைத்துக்கொண்டு எவர்சில்வர் டப்பாவிலிருந்து பயறு சாப்பிடுகிற ஒருவர் சின்னதாகத் தெரிகிறார். பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள்தான் அண்ணை.